நகையும் இல்லமும்: நகைச்சுவைத் தொடர்களில் தன்பாலீர்ப்புடைய இளையோர்



மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அந்நகை தோன்றும் நிலைக்களங்களாக நான்கினை அவர் வகுத்தார். பிறரை இகழும் எள்ளல் அவற்றுள் ஒன்று. இளமையும், அறிவின்மையாகிய பேதைமையும், கேட்டதை ஆராயாது மெய்யென நம்பும் மடனும் ஏனைய மூன்று. நான்கிலிருந்தும் பிறப்பது சிரிப்பே எனினும் அவற்றின் விளைவு ஒன்றன்று. எள்ளல் ஒருவரை வெளியே நிறுத்திச் சிரிக்கிறது. மற்றவை அவரைத் தம்முள் ஒருவராக இருத்திக்கொண்டே சிரிக்க வல்லவை. அமெரிக்க, பிரித்தானியத் தொலைக்காட்சிகளின் நகைச்சுவைத் தொடர்கள், தம் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொள்ளும் பதின்வயதினரைக் காட்டிய வரலாற்றை இந்த வேறுபாட்டின் துணைகொண்டு ஆராயலாம்.

'சிட்காம்' எனப்படும் இவ்வகைத் தொடரின் இலக்கணம் எளிது. ஒரு வீட்டின் கூடம், அதன் நடுவே ஒரு சோபா, அதில் வாரந்தோறும் வந்தமரும் அதே மாந்தர். எத்தனை பூசல் நேர்ந்தாலும் அடுத்த வாரம் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். பார்ப்போரும் தம் வீட்டுக் கூடத்தில், பெற்றோரும் பிள்ளைகளுமாக அமர்ந்தே பார்க்கின்றனர். தன் இயல்பை எவரிடமும் சொல்லாத ஒரு பிள்ளையும் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். திரையில் தன்னையொத்த ஒருவர் தோன்றும்போது தந்தை எதற்குச் சிரிக்கிறார், தாய் எதற்கு முகம் சுளிக்கிறார் என்பதை அப்பிள்ளை கவனித்துக்கொண்டே இருக்கும். பேசலாமா, வாய்மூடி இருக்கலாமா என்னும் முடிவு அந்தச் சிரிப்பிலேயே உருவாகிறது. எனவே இது பொழுதுபோக்கைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று.

தொடக்கம் 1971. நார்மன் லியர் உருவாக்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கர் என்னும் முன்கோபியான குடும்பத் தலைவர், மெல்லிய நடையுடை கொண்ட ஓர் இளைஞனைத் தன்பாலீர்ப்பாளன் என்று ஏளனம் செய்கிறார். உண்மையில் அவ்வியல்புடையவரோ, ஆர்ச்சி போற்றும் முன்னாள் கால்பந்து வீரரான நண்பர். இங்கே சிரிப்பு ஆர்ச்சியின் பேதைமை மீது விழுகிறது. இம்மாற்றம் சிறிதன்று. அதிபர் நிக்சன் அவ்வாண்டு மே மாதம் தம் அலுவலகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறித்துக் கடிந்து பேசியது வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகியுள்ளது. எனினும் அந்தக் கால்பந்து வீரர் ஒரே நாள் வந்து சென்ற விருந்தினர். சோபாவில் அவருக்கென ஓர் இடம் இல்லை.

1977இல் தொடங்கிய 'சோப்' தொடரில் பில்லி கிறிஸ்டல் ஏற்ற வேடம் நிலையான இடம் பெற்றது. 1997 ஏப்ரலில் 'எலன்' தொடரின் தலைவியே தன் இயல்பை வெளிப்படுத்தியபோது நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகர நிலையமோ அதனை ஒளிபரப்ப மறுத்தது. இவர்கள் யாவரும் வளர்ந்தவர்கள், தம் காலில் நிற்பவர்கள். பதின்வயதுப் பிள்ளையின் நிலை வேறு. அப்பிள்ளைக்குப் பெற்றோரின் வீடன்றி வேறு வீடில்லை. 1994ஆம் ஆண்டின் 'மை சோ-கால்ட் லைஃப்' என்னும் தொடர், நகைச்சுவை வகையைச் சாராதது. அதில் வரும் ரிக்கி என்னும் மாணவன் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடிழந்து தெருவில் நிற்கிறான். உருக்கமான, உண்மையான சித்திரம் அது. ஆனால் அதைக் கண்ட பிள்ளை, சொன்னால் வீடு போய்விடும் என்ற அச்சத்தையும் உடன் பெற்றிருக்கும்.

வீடு போகாது என்று காட்டும் பொறுப்பை நகைச்சுவை ஏற்றது அடுத்த நூற்றாண்டில்தான். 2009இல் தொடங்கிய 'க்ளீ' என்னும் இசை நகைச்சுவைத் தொடரில் கர்ட் என்னும் மாணவன் நடுங்கியபடி தந்தையிடம் உண்மையைச் சொல்கிறான். வாகனப் பழுதுபார்ப்புக் கடை நடத்தும் அத்தந்தையோ, மகனுக்கு மூன்று வயதானபோதே அதை அறிந்திருந்ததாகச் சொல்லிவிடுகிறார். ஊரார் எதிர்பார்க்கும் இடி விழவில்லை. அதனால் வரும் சிரிப்பில் ஆறுதலும் கலந்திருக்கிறது. அவ்வேடமேற்ற கிறிஸ் கோல்ஃபர் 2011இல் கோல்டன் குளோப் விருது பெற்றார்.

2016இல் வந்த 'தி ரியல் ஓநீல்ஸ்' சிகாகோ நகரத்து ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றைக் காட்டியது. பதினாறு வயது கென்னி உண்மையைச் சொல்லும் இரவிலேயே பெற்றோரின் மணமுறிவும், தமையன் உணவை ஒதுக்கித் தன்னை வருத்திக்கொள்வதும், தங்கை அறக்கொடைப் பணத்தைத் திருடியதும் வெளிப்படுகின்றன. ஊர் மெச்சிய குடும்பத்தின் மறைவுகள் பலவற்றுள் கென்னியுடையது ஒன்று. அவற்றுள் குற்றமற்றதும் அதுவே. மகனின் இயல்பு கடந்துபோகும் ஒரு பருவம்தான் என்று நம்பிப் போராடும் தாயின் மடனே அங்கு நகைக்குக் களமாயிற்று.

இவ்வரிசையில் முழுமை மிக்கது 2017இல் வெளிவந்த 'ஒன் டே அட் எ டைம்'. 1975இல் தொடங்கிய பழைய தொடரின் மறு ஆக்கம் இது. 1971இல் வழிதிறந்த அதே நார்மன் லியர் தம் தொண்ணூறாம் வயதைக் கடந்த பின்னர் இதற்கும் துணைநின்றார். லாஸ் ஏஞ்சலஸில் வாழும் கியூபா வழிக் குடும்பம். படைப்பணியாற்றித் திரும்பிய தாய் பெனலோப்பி, பக்தி மிக்க பாட்டி லிடியா, வாதாடுவதில் சளைக்காத மகள் எலெனா, அவள் தம்பி. எலெனா தான் பெண்களையே விரும்புவதாகச் சொல்கிறாள். பாட்டிதான் வெடிப்பார் என்று எதிர்பார்த்தால், அவர் இறைவன் தன் சாயலில் மனிதரைப் படைத்ததையும், இறைவன் பிழை செய்யாததையும், போப்பாண்டவர் தீர்ப்பளிக்க மறுத்ததையும் ஒவ்வொன்றாக உரத்து எண்ணிப் பார்த்து, ஒரு நிமிடத்தில் தமக்குத் தாமே வாதிட்டுத் தெளிந்துவிடுகிறார். தடுமாறுபவள் முற்போக்கான தாயே. மகளை அணைத்து ஆதரவு சொன்னவள், தன் உள்ளத்தில் ஏதோ உறுத்துவதை உணர்ந்து, அப்படி உறுத்துவதற்காகவே வெட்கப்படுகிறாள். பெற்றோரின் மனத்தை இத்தனை நேர்மையாகக் காட்டிய இடங்கள் குறைவு.

முதற்பருவத்தின் முடிவில் எலெனாவின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. பேத்திக்குக் கவுன் பொருந்தவில்லை என்பதைக் கண்ட பாட்டி, வெண்ணிறக் கோட்டும் கால்சட்டையும் தைத்துத் தருகிறார். தந்தையும் மகளும் ஆடவேண்டிய நடனத்திற்கு இசை எழுகிறது. மகளை ஏற்க இயலாத தந்தை விழாவை விட்டுப் போய்விட்டார். அரங்கின் நடுவே தனித்து நிற்கும் மகளிடம் முதலில் தாய் வருகிறாள். பின் குடும்பமே வந்து சூழ்ந்து ஆடுகிறது. சென்றவரின் இடத்தைத் தொடர் மறைக்கவில்லை. வெற்றிடம் இருக்கவே செய்கிறது. ஆயினும் பிள்ளை வெளியேறவில்லை. வெளியேறியவர் தந்தை. ரிக்கியின் கதையிலிருந்து இருபத்துமூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த தலைகீழ் மாற்றம் இது.

பிரித்தானியாவின் 'டெரி கேர்ள்ஸ்' 2018இல் வந்தது. வடஅயர்லாந்தின் டெரி நகரில் 1990களின் குண்டுவெடிப்புகளுக்கிடையே நடக்கும் கதை. கிளேர் எதற்கும் பதறுபவள். அறப்பணிக்கு நிதி திரட்ட மேற்கொண்ட பட்டினி நோன்பில் முதல் பகுதியிலேயே துவண்டவள். அவளது இளமையைக் கண்டு நெடுநேரம் சிரித்துப் பழகிய பின்னரே, பருவத்தின் இறுதியில் அவளது உண்மை தெரியவருகிறது. உயிர்த்தோழியே முதலில் முகம் திருப்புகிறாள். பின் பள்ளி மேடையில் தோழியர் யாவரும் ஒன்றாக ஆடுகின்றனர். முன்னரே நேசிக்கப்பட்டவள் ஆதலால் பார்ப்போரால் அவளை அயலாளாக்க இயலவில்லை.

நேர்மறைச் சித்திரிப்பு என்பது குறையற்ற பிள்ளையைக் காட்டுவது என்று கருதுவோர் உண்டு. குறையற்றவர் நகைச்சுவைக்கு உதவார், நம்பவும் இயலாது. எலெனா சொற்பொழிவாற்றியே வீட்டாரைச் சலிப்பிக்கிறாள். கென்னி தன்னலம் மிக்கவனாய் இருப்பதுண்டு. மற்றப் பிள்ளைகளுக்குரிய அசட்டுத்தனம் இவர்களுக்கும் வழங்கப்பட்டதே பெருமை. ஆடையிலும் பாட்டிலும் ஈடுபட்டவனே இவ்வியல்பினன் என்னும் வார்ப்பைக் கர்ட் போன்ற பாத்திரங்கள் உறுதிப்படுத்தின என்ற குறைகூறலுக்கு இடமுண்டு. எலெனாவும் கிளேரும் வந்ததே அதற்கு விடை.

வணிகத்தின் பொறுமையோ குறைவு. 'தி ரியல் ஓநீல்ஸ்' இரு பருவங்களோடு 2017இல் முடிந்தது. 'ஒன் டே அட் எ டைம்' தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2019இல் கைவிட்டது. வேறொரு நிலையம் எடுத்து நடத்தி 2020இல் அதுவும் நின்றது. நார்மன் லியர் 2023 டிசம்பரில் மறைந்தார்.

தொடர்கள் நிற்கலாம், அவை பழக்கிய சிரிப்பு நிற்பதில்லை. எள்ளலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தன் வீட்டிலேயே ஒளிந்து வாழக் கற்கிறது. பெரியோரின் பேதைமை கண்டு பெரியோரே சிரிப்பதைக் கேட்ட பிள்ளை, சொல்லிப் பார்க்கலாம் என்று துணிகிறது. நகையின் நிலைக்களங்களை வகுத்துப் பார்த்த மொழிக்கு இந்த வேறுபாடு அயலானதன்று. ஒரு வீட்டின் பண்பை அளக்க, அது எவரை நோக்கிச் சிரிக்கிறது என்று செவிசாய்த்தாலே போதும்.