மலாக்காத் தோட்டங்களைப் படநூலாக்குதல்

மலாக்காவின் வட்டார வரலாற்றையும் இயற்கையையும் தமிழில் படநூல்களாக வெளியிட முற்பட்ட எங்களுக்கு அப்பணி கற்பித்தவை பல. அவற்றுள் எங்கள் பிழைகளைப் பற்றியே இன்று மிகுதியாகப் பேச எண்ணுகிறோம்.

எழுத்தில் மேலோட்டமாகச் சொல்லிக் கடந்துவிடும் ஒன்றைப் படத்தில் அவ்வாறு கடக்க இயலாது. பரமேசுவரன் இளைப்பாறியதாக மரபு கூறும் மலாக்கா மரம் நம் நெல்லியே. அம்மரத்தாலேயே ஊர் பெயர் பெற்றது என்பர். 'நெல்லி மரத்தடியில் அமர்ந்தான்' என எழுதியதோடு ஆசிரியரின் வேலை முடிந்தது. ஓவியரோ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் அரிநெல்லியை வரைந்து தந்தார். எந்த நெல்லி என்று நாங்கள் சொல்லவில்லை. அவரைக் குறை கூறுவது முறையன்று. வரைய வேண்டியது பெருநெல்லி.

பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைப் பற்றிய பக்கத்தில் மலாக்கா செட்டிப் பெண்கள் அனைவருக்கும் புடவை உடுத்தியிருந்தோம். காஜா பெராங்கில் வாழும் அச்சமூகத்தார் சைவ வழிபாட்டைக் கைவிடாதவர்கள், பேசுவதோ மலாய், பெண்டிரின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். இதனை அச்சுக்கு முன்னரே திருத்திவிட்டோம்.

திருத்தத் தவறியது ரப்பர் பக்கம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் விரிவாக நட்டார். மலாயாவின் ரப்பர்த் தொழில் இம்மாநிலத்தில் தொடங்கியது என்பதால் அப்பக்கத்துக்கு இரட்டைப் பக்கப் படம் ஒதுக்கினோம். பால் வெட்டும் பெண் புத்தகத்தின் உட்புறம் நோக்க வேண்டும் என்று கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பினோம். நூல் வெளிவந்தபின், நாற்பதாண்டுகள் பால் வெட்டிய மூதாட்டி ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்: "தம்பி, வெட்டு மாறிப் போச்சு. இப்படி வெட்டினா கங்காணி சும்மா விடுவாரா?"

அவர் சொன்னதே சரி. பட்டைக்குள் பால் நாளங்கள் நேராக ஏறுவதில்லை; சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் இறங்கினால்தான் மிகுதியான நாளங்கள் அறுபட்டுப் பால் பெருகும். எங்கள் படத்தில் அது தலைகீழாய் இருந்தது. மங்கு கட்டும் இடம், ஒட்டுப்பால் உரிக்கும் விதம் என மேலும் சிலவற்றை அன்று மாலை அவர் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். எந்த நூலகத்திலும் நாங்கள் காணாத குறிப்புகள் அவை. பல்வண்ண அச்சின் செலவை நினைத்து அஞ்சிய நாங்கள், வரைந்த தாளை எடுத்துக்கொண்டு ஒரு முறை லயத்து மக்களிடம் சென்றிருக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

இன்று கித்தாக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வெட்டின் சாய்வைப் பார்த்தவுடன் பிழை காணும் கண்கள் ஆண்டுதோறும் குறைகின்றன. எனவே நூலின் வரிசையை மாற்றிவிட்டோம்: முதலில் கரிக்கோல் படம், பிறகு அதனை முதியோரிடம் காட்டல், கட்டுரை எழுதுவது அதன் பின்னரே. பழைய நிழற்படம் தருவோரிடம் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் எழுதி வாங்குகிறோம்.

அடுத்த நூல் லயன் வீடுகளைப் பற்றியது. பெரட்டுக்களம், ஆயக்கொட்டகை, பொதுக்குழாய் ஆகியன எங்கெங்கே இருந்தன என்பதில் எங்களுக்குத் தகவல் தந்தோரிடையே இன்னும் உடன்பாடில்லை. முன்வரைவுப் படங்கள் பின்புற மேசையில் உள்ளன, கரிக்கோலும் வைத்திருக்கிறோம். ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வளர்ந்தோர் தேநீருக்கு முன் அங்கு வந்து, தயங்காமல் அடித்துத் திருத்தித் தர வேண்டுகிறோம்.