வீட்டுத் தையலின் வெற்றியும் தோல்வியும்



மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபத்தில், யாளிகளும் நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகளும் நிற்கின்ற தூண்களுக்கிடையே, அண்மைக் காலம் வரையில் தையல் யந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்ததை மதுரைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுத்து ஆடுகிறவர்களும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் அணிகின்ற வேஷ உடைகள் முதல், உள்பாவாடை, தலையணை உறை ஈறாக எல்லாம் அங்கே தைத்துக் கிடைத்தன. கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய பின்பும் அந்தக் கைத்திறன் மறைந்துவிடவில்லை. இத்தனை தையற்காரர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்ற ஒரு நகரத்தில், ஒருவர் தம் உடையைத் தாமே வீட்டில் தைத்துக்கொள்ள முயல்வது எந்த அளவுக்குப் பயன் தருகிறது, எவ்விடத்தில் தோற்கிறது, அந்தத் தோல்விக்குக் காரணம் யாது என்பதையே இன்று விசாரிக்க விரும்புகிறேன்.

இந்த விசாரணைக்கு மதுரை பொருத்தமான ஊர். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலே, கோடிக்கணக்கான ஏழைகளுக்கு முழு உடைக்கு வழியில்லாத தேசத்தில் தமக்கு மட்டும் எதற்கு என்று கருதி, காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து முழங்காலளவு ஒற்றை ஆடைக்கு மாறினார். தைத்த உடையை அவ்வாறு விட்டவரே, 1924இல், யந்திரங்களைப் பற்றிய தம் கண்டனத்தைக் குறித்து வினவப்பட்டபோது, சிங்கரின் தையல் யந்திரத்தை ஒரு விலக்காக எடுத்துக் காட்டினார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாத ஒருவரின் அன்பிலே பிறந்த கருவி அது என்பது அவர் கொண்ட எண்ணம். எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியின் மெய்யான சரித்திரம் வழக்குகளும் போட்டியும் நிறைந்ததுதான். ஆயினும், மனிதனின் பிரயாசையைக் குறைக்கின்ற யந்திரம் வேறு, மனிதனையே விலக்குகின்ற யந்திரம் வேறு என்று காந்தியடிகள் கண்ட பாகுபாடு சரியானது என்றே கருதுகிறேன். 1930களில் கல்கத்தாவிலே உருவாகத் தொடங்கிய உஷா யந்திரம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் புகுந்த காலம் முதல், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் யந்திரம் வழங்கிவரும் காலம் வரையில், அது வீட்டின் ஒரு மூலையில் வீட்டாருக்கு அடங்கி நடக்கின்ற பொருளாகவே இருந்து வந்திருக்கிறது.

வீட்டுத் தையல் வெற்றி பெறுகின்ற இடங்களை முதலில் பார்ப்போம். சேலையும் வேட்டியும் துண்டும் தறியிலேயே முழுமை பெற்றுவிடுகின்றன. கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையில்லை. அந்தச் சுபாவத்தை ஒட்டி, துணியை நேராக வெட்டி நேராகத் தைத்துச் சுருக்கினாலோ மடித்தாலோ முடிந்துவிடுகின்ற உடைகள் யாவும், ஓரளவு பொறுமையுள்ளவர் எவருக்கும் கைவரும். உள்பாவாடையும், கைக்குழந்தையின் நாடாச் சட்டையும், வீட்டில் அணியும் தளர்ந்த நைட்டியும் இவ்வகையின. இவற்றுள் சிறப்பாகச் சொல்லத் தக்கது சிறுமியின் பட்டுப்பாவாடை. இரண்டு மூன்று மடிப்புகளை உள்ளே பிடித்துத் தைத்து, பெண் வளர வளர, தீபாவளிக்கு ஒன்றாக அந்த மடிப்பைப் பிரித்துவிடுகின்ற வழக்கத்தில், வளர்கின்ற சரீரத்தைப் பற்றிய முன்யோசனையும் விலையுயர்ந்த துணியைப் பற்றிய மரியாதையும் ஒருங்கே அமைந்திருக்கின்றன. ஆயத்த ஆடைக் கடையில் வாங்குகின்ற பாவாடையில் அவ்வாறு பிரிப்பதற்குப் பெரும்பாலும் ஓர் அங்குலம்கூட இருப்பதில்லை.

தோல்வி என்று வரும்போது, முதலில் வந்து நிற்பது ரவிக்கை. ஒரு மீட்டருக்கும் குறைவான துணி, இரண்டு கை, ஒரு கழுத்து, சில கொக்கிகள், பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் தட்டையான துணியை உருண்ட உடலின்மேல் சுருக்கமில்லாமல் படிய வைக்க வேண்டும் என்பது எளிய காரியமன்று. வீட்டில் தைத்த ரவிக்கை சரியில்லாதபோது, தைத்தவர் தம் தையலைக் குறை சொல்லிக்கொள்கிறார். குற்றம் பெரும்பாலும் தையலில் இல்லை, வெட்டுவதற்கு முன்பாகவே நேர்ந்துவிட்டிருக்கிறது. மேல்துணியையும் லைனிங் துணியையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தாமல் வெட்டினால், முதல் சலவையிலே லைனிங் சுருங்கி மேல்துணி சுருங்காமல் நின்று, முதுகெல்லாம் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்துக்கொள்ளும். துணியை மிச்சம் பிடிக்கும் ஆசையில் முன்பாகத்தைச் சற்றே கோணலாக வைத்து வெட்டினால், இழை சாய்ந்து ஒரு பக்கம் இழுபடும். கழுத்து எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவையே வெட்டினால், பட்டி வைத்து மடிக்கும்போது தையலுக்குப் போகின்ற துணியளவு கழுத்து அகன்று தோள் வழுகும். ஆகையால் வேண்டியதற்குக் குறைவாகவே வெட்டி, வெட்டிய உடனே விளிம்பைச் சுற்றி ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும், இல்லாவிடில் கையாளும்போதே கழுத்து நீண்டுவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை கைக்குழியில் நேர்கிறது. கையைத் தூக்கும்போது பிடிக்கிறது என்று கண்டவுடன், தைப்பவர் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுகிறார். தளர்த்திவிட்டோம் என்று அவர் நம்புகிறார்; நடப்பதோ நேர்மாறு. குழி இறங்க இறங்கக் கையும் உடற்பகுதியும் சேருமிடம் கீழே போய்விடுவதால், கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதுமே மேலே ஏறிக்கொள்கிறது. அக்குளுக்குச் சற்றுக் கீழே மட்டும் இடம் விட்டு, கைத்துணியின் அகலத்தைக் கூட்டுவதே அதற்குப் பரிகாரம். கையின் முன்வளைவு பின்வளைவைவிட ஆழமாக இருக்க வேண்டும் என்பதையும், இரண்டு கைகளையும் தனித்தனியே வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக அமைந்துவிடும் என்பதையும் அறிந்தவர்களே, கை பொருத்துகின்ற வேலையில் துணியை வீணாக்காமல் தப்புகிறார்கள். சாமர்த்தியசாலிகள் செய்தித்தாளில் மாதிரி வெட்டிப் பார்த்துவிட்டே துணியில் கத்தரியை வைப்பார்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே விடுவார்கள்.

யந்திரத்தின் கோளாறுகள் இவற்றோடு ஒப்பிட அற்பமானவை. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பிச் செருகப்பட்டிருக்கும். அடியில் நூல் சுருண்டால் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்று அறியலாம். மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசியும், சாதாரணப் பருத்திக்கு 14ஆம் நம்பரும் கைவசம் இருந்தால் பாதிச் சங்கடம் தீரும்.

வீட்டில் தைத்தால் பணம் மிச்சமாகும் என்று சொல்லி ஆரம்பிப்பவர்கள் பலர். இதை நான் முழுதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் நைட்டியும் பாவாடையும் விற்கின்ற விலையைப் பார்த்தால், துணியும் நூலும் வாங்கி அரைநாள் உழைத்துத் தைப்பதில் லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. கூலி உண்மையாகவே அதிகமாவது லைனிங் வைத்த ரவிக்கைக்குத்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அதைத்தான் வீட்டில் தைக்க வேண்டும். கைக்கு எளிதில் வராததும் அதுவே. ஆகவே சிக்கனத்தை மட்டும் எண்ணி இறங்குபவர், இரண்டு ரவிக்கைத் துணிகள் வீணானதும் யந்திரத்தை மூடி வைத்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நம் பக்கத்து வெயிலை நினைத்துப் பாருங்கள். நைலான் கலந்த துணியை உடலில் பூணவொண்ணாத கோடையில், பலமுறை சலவை கண்டு மெத்தென்று ஆகிவிட்ட பழைய சுங்குடிச் சேலையை வெட்டி வீட்டிலே தைத்துக்கொண்ட உடுப்புக்கு நிகரான சௌகரியத்தை எந்தக் கடையும் விற்பதில்லை. அதன் சாயம் விட வேண்டியது முன்னமே விட்டிருக்கும், சுருங்க வேண்டியதும் சுருங்கியிருக்கும்.

வீட்டுத் தையலின் உண்மையான தகுதி வேறோர் இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடைகளின் அளவுகள் நிமிர்ந்து நிற்கின்ற, இரு தோளும் ஒத்திருக்கின்ற, கைகள் தாராளமாக அசைகின்ற உடலுக்காக ஏற்பட்டவை. முதுகு கூனிய பாட்டிக்கு அவை எவ்வாறு பொருந்தும்? அவர்களுடைய பின்பாகம் நீளமும் முன்பாகம் குறுக்கமுமாக மாறியிருக்கும். வழக்கமான அளவில் வெட்டிய ரவிக்கை முதுகில் ஏறி இடுப்பைக் காட்டும், முன்னால் துணி குவிந்து தொங்கும். தோள்மூட்டு இறுகிய தாயாருக்குக் கையைப் பின்னால் கொண்டுபோவதே வேதனை. கொக்கியும் கண்ணும் விரல் மூட்டு வீங்கியவருக்குத் தினந்தோறும் ஒரு சோதனை. தையற்காரர் எத்தனை நல்லவராயினும், அவர் ஓர் அளவு ரவிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாரேயன்றி, அந்த அம்மாளுடன் ஒரு நாள் இருந்து பார்க்க அவருக்கு ஏது அவகாசம்? வீட்டில் இருக்கின்ற மகளுக்கோ மருமகளுக்கோ மகனுக்கோ அது முடியும். பின்பாகத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டி, முன்பாகத்தில் அதற்கேற்பக் குறைத்து, முன்புறம் முழுவதும் திறக்கின்றதாக வைத்து, கொக்கிக்குப் பதிலாக நாடாவோ வெல்க்ரோ பட்டையோ அமைத்து, அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டைக் கோணமாக இணைத்துவிட்டால், தையல் சற்றுக் கோணலாகவே இருந்தாலும், அந்த ரவிக்கை தேர்ந்த கைகள் தைத்ததைவிட மேலானது.

பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. பலருக்கு ஒரே அமைப்பில் வேண்டிய உடை அவ்வாறு தைக்கப்படுவதே முறை. ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்த வேண்டிய உடைதான் வீட்டுக்கு உரியது. தையல் வகுப்புகளிலும், லோயர், ஹையர் என்னும் தையல் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்கின்ற இடங்களிலும், முதுகு கூனியும் மூட்டு இறுகியும் இருக்கின்ற உடல்களை அளவெடுக்கும் முறைக்கு ஒரு பாடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள். இப்போதே முயல விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதியவர்களை அளவெடுக்கும்போது நிமிர்ந்து நிற்கும்படி சொல்லாதீர்கள், அவர்கள் நாள் முழுவதும் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படியே உட்காரவிட்டு, பிடரியிலிருந்து இடுப்பு வரை முன்னும் பின்னும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பழைய வேட்டித் துணியில் பெருந்தையலாக ஒன்று தைத்து, ஒரு பொழுது அணியச் செய்து, எங்கே பிடிக்கிறது என்று அவர்களையே கேட்டுவிட்டுப் பிறகு நல்ல துணியை எடுங்கள்.