முகம் தெரிந்தால் வேலை நடக்கும்



வருமானச் சான்றுக்குக் கைபேசியிலேயே விண்ணப்பிக்கிறீங்க. சான்றிதழும் கைபேசிக்கே வந்துவிடுகிறது. வரிசை இல்லை, அலைச்சல் இல்லை. ரொம்ப நல்லது. ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. அதற்கு ஒப்புதல் தந்த அலுவலர் பெரும்பாலும் உங்களைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு நீங்கள் ஒரு விண்ணப்ப எண், அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கு என்று கேட்கலாம். ஓர் ஆய்வைச் சொல்றேன். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களை ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் கவனித்தார்கள். சலிப்பான வேலை; பெரும்பாலும் 'வேண்டாம்' என்ற பதில்தான் வரும். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரை, சில ஊழியர்கள் மட்டும் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். இன்னொரு குழுவுக்கு மாணவரின் கடிதம் மட்டும்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நேரில் சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தது. கடிதம் மட்டும் படித்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. 2007-இல் வெளிவந்த ஆய்வு இது. சம்பளம் கூடவில்லை, மிரட்டல் இல்லை. தங்கள் வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தார்கள்.

நானும் ஒரு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன்தான். வாராவாரம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை நிலுவை?" என்பதுதான். அந்தக் கோப்புக்குப் பின்னால் கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இருப்பதை ஒருநாளும் சொன்னதில்லை. எண்ணிக்கை குறைந்தது, அக்கறை கூடவில்லை. அது ஊழியர்களின் குறை இல்லை, என் குறை.

அதற்காக மக்களை மறுபடியும் வரிசையில் நிறுத்த வேண்டாம். ஆள் பற்றாக்குறைக்கும் பழுதான கணினிக்கும் இது மாற்று மருந்தும் இல்லை. அவற்றைச் சரிசெய்வதும் தலைமையின் கடமைதான். அதோடு, மாதக் கூட்டத்தில் பயன்பெற்ற ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லலாம். நேரில் வர முடியாதவரைக் காணொளியில் பேசவைக்கலாம். தாமதத்தால் பாதிக்கப்பட்டவரையும் அழைக்கலாம். அதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. சேவை முடிந்து கருத்துக் கேட்டால் நட்சத்திரத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போகாதீங்க. இரண்டு வரி எழுதுங்க. "இந்தச் சான்றால் என் மகளுக்கு உதவித்தொகை கிடைத்தது" என்றோ, "பத்து நாள் தாமதத்தால் கடைசித் தேதி போய்விட்டது" என்றோ எழுதுங்க. நேரில் பேசுவதற்கு அது ஈடாகாதுதான். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு நல்ல அதிகாரிக்கு அது காட்டிக் கொடுக்கும்.