ஒப்புக்கொடுத்த வாழ்வின் மகிழ்ச்சி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டி, மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தில் நடைபெற்ற தியான நாளில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



உடுவிலில் படித்த நமக்கு மருதனார்மடம் அயல் ஊர். 1939இல் தொடங்கிய இந்த ஆச்சிரமத்தில், நமது சங்கத்தின் நூறு ஆண்டுகளுக்காக நன்றி சொல்லக் கூடியிருக்கிறோம். ஒப்புக்கொடுத்தலையும் நம்பிக்கையையும் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். வைத்தியருக்கு இது இலகுவான தலைப்பு அல்ல. நாடி விழும்போது விட்டுக்கொடுக்காமல் நிற்கத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொடுத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. உடம்பிலே இன்சுலின் சுரக்காத ஒருவர் ஊசியை நிறுத்தினால், சில நாட்களுக்குள்ளேயே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வரும். அந்த மருந்தும் ஆண்டவர் தந்த நன்மைதான். அதை மறுப்பதை விசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன்.

கெத்செமனேயில் இயேசு என்ன செய்தார்? அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அதன்பிறகுதான் பிதாவின் சித்தத்திடம் தம்மை விட்டார். ஆகவே கேட்பதும் அழுவதும் அவிசுவாசம் அல்ல. நம்மால் ஆனதைச் செய்து, வேண்டியதைக் கேட்டு, முடிவை மட்டும் அவர் கையில் விடுவதே ஒப்புக்கொடுத்தல்.

நம் கல்லூரியின் வரலாற்றிலேயே இதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. 1824இல் இப்பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833 ஜனவரியில், 36 வயதில், இங்கேயே காலமானார். தான் நட்டதை அவர் கண்டது ஒன்பது ஆண்டுகள் மட்டுமே. பெண்பிள்ளைகளைப் படிக்க விடவே தயங்கிய காலம் அது. பிற்காலத்தில் இங்கிருந்து ஆசிரியைகளும் வைத்தியர்களும் வெளிவருவார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

அவருக்குப் பின் 1840இல் வந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். நியூயோர்க்கில் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, பூமிசாத்திரப் பாடம் நடந்த ஒரு நாளில், மிஷனரியாகப் போகவேண்டும் என்று அவர் தீர்மானித்ததாகச் சொல்வார்கள். ஆனால் கப்பலேறியபோது அவருக்கு வயது 32. இடையில் பெற்றோர் இருந்தார்கள். அவர்கள் காலம் முடியும்வரை அவர் வீட்டிலேயே இருந்தார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. நம்மில் எத்தனை பேர் வயதான அம்மாவையோ மாமியையோ பார்த்துக்கொண்டு, "நான் ஆண்டவருக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று கவலைப்படுகிறோம்! அந்தக் காத்திருப்பும் ஒப்புக்கொடுத்தலின் ஒரு பகுதிதான்.

வந்தபின் 1883இல் மரிக்கும்வரை, 43 ஆண்டுகள், அவர் ஒருமுறையேனும் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், வேலை அதிகம், நேரமில்லை என்றே பதில் சொல்வாராம். தியாகம் செய்தேன் என்ற பேச்சே இல்லை. திருமணம் செய்யாத அவரை "ஆயிரம் பிள்ளைகளின் தாய்" என்று அழைத்தார்கள். கடைசி நோயில் மானிப்பாயில் படுத்திருந்தபோது, எதற்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்டவர்களிடம் அவர் தமக்காக எதையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். தன்னைப்பற்றிய கணக்கை எப்போதோ வைத்துவிட்ட ஒருவராலேயே அப்படிக் கேட்க முடியும். அந்த விடுதலையைத்தான் நான் மகிழ்ச்சி என்று விளங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும், இந்த மண்ணில் மகிழ்ச்சியைப்பற்றிப் பேசும்போது அவதானமாகப் பேசவேண்டும். 1995 ஒக்டோபர் கடைசியில் ஒரே இரவில் ஊரை விட்டு நடந்தவர்கள் நாம். 2009க்குப் பின்னும் பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். "உன் பிள்ளையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடு, சந்தோஷமாக இரு" என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒப்புக்கொடுத்தலை ஒருவர் தானாகச் செய்யலாம். மற்றவர்மேல் சுமத்த முடியாது. அந்தத் தாய் தேடுவதும் கேட்பதும் கெத்செமனேயின் ஜெபம்தான். நம் வேலை அவளுக்குப் புத்தி சொல்வதல்ல. சீடர்கள் நித்திரையாகிவிட்ட அந்த இடத்தில் நாம் அவளோடு விழித்திருக்கவேண்டும்.

நம்பிக்கை எப்படியிருக்கும் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு வருகிற நோயாளிகளிடம் அடிக்கடி காண்கிறேன். எத்தனை மணித்தியாலம் எடுக்கும், எப்போது கண் விழிப்பேன், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். கை குளிர்ந்திருக்கும், நாடி வேகமாக ஓடும். பிறகு அந்தக் கையையே மயக்க மருந்து ஏற்றுவதற்காக நீட்டுவார்கள். பயம் போனபிறகு நீட்டுவதில்லை, பயத்தோடேயே நீட்டுகிறார்கள். நேற்றுத்தான் கண்ட ஒரு வைத்தியரை இவ்வளவு நம்ப முடியுமானால், தாயின் கருவிலிருந்தே நம்மை அறிந்தவரை நம்புவது ஆகாத காரியம் அல்ல.

எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியும் பெரிதாகச் சொல்லக்கூடியதல்ல. விடுதியில் செய்யவேண்டியதைச் செய்து, இரவுக் கடமைக்கு வருகிற வைத்தியரிடம் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அவர்களின் பெயர்களை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். காலையில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பது என் கையில் இல்லை. அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு நித்திரை வருகிறது. அடுத்த நாள் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது.

சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போகுமுன் மூன்று விடயங்களை யோசியுங்கள். நாளைக்கு நான் செய்யவேண்டியது எது? ஆண்டவரிடம் நான் இன்னும் கேட்கவேண்டியது எது? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோ, வரப்போகும் பரிசோதனை முடிவோ, நான் பிடித்துக்கொண்டிருப்பதால் ஒரு முழமும் நகராதது எது? அந்த மூன்றாவதை இன்று இங்கே வைத்துவிட்டுப் போவோம். நாளைக்கு அது திரும்பவும் நம் கைக்கு வந்துவிடும்; திரும்பவும் வைப்போம். அக்னியூ அம்மையாருக்கும் அது ஒருநாள் வேலையாக இருந்திராது.

நம் சங்கத்தின் அடுத்த நூறு ஆண்டுகளையும் அந்தக் கைகளிலேயே விடுவோம். கர்த்தர் நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.