பச்சை குத்தின கையைப் பக்குவமாப் பாத்துக்கணும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரத் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் கடன் திருப்புதல் பற்றிப் பேசினோம். இந்த மாதம் பச்சை குத்துவதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "இதுக்கு ஒரு கூட்டமா?" என்றும் கேட்டீர்கள். இது ஏன் இங்கே வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் குழு ஒன்றில் இருக்கும் ஓர் அக்காவின் மகள், வயது 19, பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண். திருவிழாக் கடையில் 200 ரூபாய் கொடுத்து, மணிக்கட்டுக்கு மேலே அம்மா பேரைக் குத்திக்கொண்டாள். குத்தினது அம்மா பேர், ஆனால் காட்டப் பயம் அம்மாவிடம்தான். முழுக்கைச் சட்டை போட்டு ஐந்து நாள் மறைத்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கை வீங்கி, சீழ் கோத்திருக்கிறது. வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார்கள். இன்னும் இரண்டு நாள் போனது. கடைசியில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கை, இரண்டு வாரச் சம்பளம் போச்சு. அந்த அக்கா குழுவில் 3,000 ரூபாய் உள்கடன் கேட்டு வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். பேர் சொல்லாமல் இதைப் பேசுங்கள் என்று அவர்களே சொன்னார்கள்.

பச்சை குத்துவது நமக்குப் புதுசு இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்த அம்மாமார் கையைப் பாருங்கள், கோலமும் தேளும் புருஷன் பேரும் இருக்கும். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தேய்த்து, அதைத் திரியாக்கி ஆமணக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் அதுதான் மை. "அப்ப எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அவர்களிடமே திருப்பிக் கேட்டோம். கை வீங்கிப் பத்து நாள் சோறு பிசைய முடியாமல் கிடந்ததை அவரே சொன்னார். ஆறினவர்கள் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது.

சரி, தோலுக்குள் என்ன நடக்கிறது? ஊசி மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கு வரை மையை இறக்குகிறது. உடம்பு அதை வெளியாள் என்று நினைத்து, கிருமியை விழுங்கும் அணுக்களை அனுப்புகிறது. அந்த அணுக்கள் மையை விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் பச்சை அழிவதில்லை. ஆனால் அத்தனை ஊசிக் குத்தும் திறந்த வாசல். அந்தக் கையில் இருப்பது அன்றைக்குப் படம் இல்லை, புண். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு என்ன செய்வோமோ அதே கவனம் வேண்டும்.

முதல் நாள் ரத்தமும் நீரும் மையும் கலந்து கசியும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் சிவந்து, லேசாக வீங்கி, வெயில் பட்ட மாதிரி எரியும். அப்புறம் பொருக்குத் தட்டி உரியும், அரிப்பு எடுக்கும். மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்ளே முழுசாக ஆற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பச்சை குத்தின இடத்தை வாசனை இல்லாத சாதா சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவுங்கள், தினம் இரண்டு தரம் போதும். தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால் காய்ச்சி ஆறவைத்தது நல்லது. துவைத்து வெயிலில் காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முந்தானை வேண்டாம், வீட்டுக்கே பொதுவான துண்டும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவலாம். அப்பினால் தோல் ஊறி, ஆறுவது தள்ளிப்போகும். அரித்தால் சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். பிய்த்தால் மையும் சேர்ந்து வரும், தழும்பும் விழும்.

மஞ்சளுக்கு வருவோம், சண்டையே இங்கேதான். மஞ்சள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் களத்தில் காய்ந்து, மில்லில் அரைபட்டு, பத்துப் பேர் விரல் பட்டு வந்தது. குழம்புக்குப் போட்டால் கொதிக்கிறது, புண்ணில் போட்டால் கொதிக்கிறதா? இன்னொன்று, மஞ்சள் பூசினால் சிவப்பு தெரியாது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் வீணாய்ப் போனது இதனால்தான். சுண்ணாம்பு தோலையே வேகவைக்கும். சாம்பல், பற்பசை, சாணி இதெல்லாம் கிட்டவே வரக்கூடாது.

கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தையும் விடுங்கள். அப்படித் தருகிற பல டியூப்களில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கும், ஆனால் கிருமியை எதிர்க்கிற சக்தியும் அங்கே அடங்கிப்போகும். டாக்டர் எழுதித் தராமல் வேண்டாம்.

நம் பெண்களுக்கு உண்மையான கஷ்டம் வேலைதான். நாற்று நட, சேற்றில் இறங்க, மாட்டுத் தொழுவம் கூட்ட, இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட முடியுமா? முடியாது என்று தெரியும். அதனால்தான் சொல்கிறோம், குத்துகிற நாளை முதலில் யோசியுங்கள். நடவு, அறுப்பு நேரத்தில் வேண்டாம். குத்தியாகிவிட்டது, வேலையும் தப்பாது என்றால், சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு போய், வந்ததும் அவிழ்த்துக் கழுவுங்கள். ஈரமான துணியோடு இருக்கக் கூடாது. ஆறும் வரை குளம், கிணறு, ஆற்றில் முங்கக் கூடாது, சொம்பில் ஊற்றிக் குளிக்கலாம். இறுக்கமான சட்டை, வளையல் வேண்டாம். நேர் வெயிலும் ஆகாது.

மூன்று நாளுக்குப் பிறகு வலி குறைய வேண்டும். குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் அடித்தால், அக்குளில் கட்டி தெரிந்தால், கையில் சிவப்புக் கோடு மேலே ஏறினால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை பார்க்காதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால் அதையும் அங்கே கேளுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது கஷ்டம், டாக்டரைக் கேட்காமல் குத்த வேண்டாம். கர்ப்பிணிகள் பிள்ளை பிறக்கும் வரையாவது தள்ளிப்போடுங்கள்.

வெளியே தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. ஒருவருக்குக் குத்தின ஊசியையும், தொட்ட மைக் கிண்ணத்தையும் அடுத்தவருக்கு வைத்தால் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவலாம். மேலே புண் அழகாக ஆறியிருக்கும், உள்ளே கிருமி மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். புது ஊசிதானா என்று சந்தேகம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், ரகசியமாக வைப்பார்கள். காமாலைக்கான ரத்தப் பரிசோதனையையும் அதே ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேளுங்கள். உடனே ஒரு தரம், மூன்று மாதம் கழித்து ஒரு தரம் பார்ப்பது நல்லது. பச்சை குத்தினவர்கள் ஓராண்டுக்கு ரத்த தானம் செய்யக் கூடாது என்று விதி இருப்பதும் இதனால்தான்.

பேசி முடித்ததும் ஒரு சகோதரி தனியாக வந்து, பழைய பேரை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும். லேசர் முறையில் பல தடவை போக வேண்டும், நாளாகும். அரசு மருத்துவக் கல்லூரி தோல் பிரிவில் விசாரிக்கலாம். சேராங்கொட்டை, ஆசிட் வைத்துச் சுட்டுக்கொண்டால் பேர் போய் தீக்காயத் தழும்பு நிற்கும்.

வீட்டில் பிள்ளை பச்சை குத்தி வந்து நின்றால் திட்டுங்கள், வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் முதலில் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள், கழுவிவிடுங்கள். திட்டுவதை பத்து நாள் கழித்துக்கூட வைத்துக்கொள்ளலாம். அந்த அக்கா அழுதுகொண்டே சொன்னது, "நான் கத்துவேன்னுதானே மறைச்சா" என்பதுதான்.

வருகிற பங்குனித் திருவிழாவில் பச்சை குத்தும் கடை பக்கத்தில் நம் துணைக்குழுவில் இருந்து இரண்டு பேர் முறை வைத்து உட்காருவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். கடைக்காரர் பிழைப்பைக் கெடுக்க இல்லை. ஆளுக்கொரு புது ஊசியைக் கண் முன்னால் உறை பிரிக்கிறாரா, மையைத் தனி மூடியில் ஊற்றுகிறாரா, கையுறை மாற்றுகிறாரா என்று பார்க்கத்தான். முறைக்கு வர விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேர் கொடுங்கள். அந்தப் பெண்ணும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.