மார்ஷல் என்னும் பதவி



படைத்துறைப் பதவிகளுள் மிக உயர்ந்தது யாது என்று வினவினால், பீல்ட் மார்ஷல் என்று பலர் உடனே விடை பகர்வர். விடை தவறன்று, எனினும் முழுமையானதும் அன்று. பிரான்ஸ் நாட்டிலே மார்ஷல் என்பது பதவியே அன்று. அரசு அளிக்கும் ஒரு சிறப்பு. அமெரிக்கப் படையிலோ அப்பெயருடைய பதவி இருந்ததேயில்லை. சொல்லின் பிறப்பை ஆராயின் வியப்பு மேலும் மிகும். பழைய ஜேர்மானிய மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லும் ஊழியனைக் குறிக்கும் சொல்லும் இணைந்து உண்டானது அது. இலாயத்திலே குதிரை பேணியவனுடைய பெயர், காலப்போக்கில் பெருஞ்சேனாதிபதிக்கு உரியதாயிற்று.

பிரித்தானியாவில் இப்பதவியை 1736ஆம் ஆண்டில் ஏற்படுத்தியவர் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர். இதற்கு அடையாளம் ஒரு குறுங்கோல். 1813இல் ஸ்பெயின் நாட்டு விற்றோரியாப் போரிலே பிரெஞ்சு மார்ஷல் ஜூர்தானின் கோல் கைப்பற்றப்பட்டது. வெலிங்டன் அதனை இளவரசருக்கு அனுப்பிவைக்க, இளவரசர் வெலிங்டனைப் பீல்ட் மார்ஷலாக்கினார். வென்றவனுக்குக் கோல் கிடைப்பது முறைதானே.

ஆனால் தோற்றுக்கொண்டிருந்த ஒருவருக்கும் அக்கோல் கிடைத்ததுண்டு. 1942ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்டாலின்கிராட் நகரருகே ஜேர்மனியின் ஆறாவது படை முற்றுகைக்குள் அகப்பட்டது. கடுங்குளிர், பசி, நோய். தளபதி பௌலஸ் நிலைமையை எடுத்துரைத்தும் சரணடைய அனுமதி கிடைக்கவில்லை. 1943 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் அவரைப் பீல்ட் மார்ஷலாக உயர்த்தினார். அதுவரை ஜேர்மானியப் பீல்ட் மார்ஷல் எவரும் பகைவரிடம் உயிருடன் பிடிபட்டதில்லை. ஆகவே அந்த உயர்வு, வாய்திறந்து சொல்லாமல் விடுத்த கட்டளை: தற்கொலை செய்துகொள்! பௌலஸ் அதற்கு இணங்கவில்லை. மறுநாளே சிறைப்பட்டார், ஹிட்லர் சீறினார். அப்போரிற் சிறைப்பட்டோர் ஏறத்தாழ 91,000 பேர். நாடு மீண்டோர் ஏறத்தாழ 6,000 பேரே. பௌலஸ் 1957இல் டிரெஸ்டன் நகரில் இறந்தார். மரணத்தை வாங்குவதற்கு ஒரு பட்டத்தை விலையாகக் கொடுத்த கதை இதுபோல் வேறொன்று உண்டோ, அறியேன். 1940 ஜூலை 19 அன்று ஒரே நாளிற் பன்னிருவரைப் பீல்ட் மார்ஷல்களாக்கியவரும் இதே ஹிட்லர்தான்.

சோவியத் ரஷ்யாவின் கதையும் இரங்கத்தக்கது. 1935இல் அங்கே முதன்முறையாக ஐவர் மார்ஷல்களாயினர். நான்கு ஆண்டுகள் முடியுமுன்னே அவர்களுள் மூவர் மாண்டனர். பகைவர் கையாலன்று, சொந்த அரசின் கையால். துகாச்செவ்ஸ்கியும் யெகோரோவும் சுட்டுக்கொல்லப்பட்டனர். புளூக்கர் சிறையிலே இறந்தார். அவர்களை ஒழித்த ஸ்டாலின், 1945இல் மார்ஷலுக்கும் மேலான 'ஜெனரலிசிமோ' என்ற பட்டத்தைத் தாம் ஏற்றார்.

அமெரிக்கர் இவ்விடயத்தைக் கணக்குப்போலவே தீர்த்தனர். பிரித்தானியப் பீல்ட் மார்ஷல்களும் அமெரிக்கத் தளபதிகளின் கட்டளைக்கு அமையவேண்டியிருந்தபடியால், தரம் ஒப்பாகும் பொருட்டு 1944 டிசம்பரில் ஐந்து நட்சத்திரப் பதவியை ஏற்படுத்தினர். அதனை இறுதியாகப் பெற்றவர் ஓமர் பிராட்லி, ஆண்டு 1950. அவர் 1981இல் மறைந்தபின் அப்பதவியில் எவரும் இலர்.

நமது அயலிலே, பாகிஸ்தானில் அயூப்கான் 1959இல் பீல்ட் மார்ஷலானார். நாட்டின் ஆட்சியும் அப்போது அவர் கையிலேயே இருந்தது. இலங்கையில் 2015இல் சரத் பொன்சேகா இப்பதவியைப் பெற்றார். இந்தியாவிலே முதலிற் பெற்றவர் மானெக்ஷா. 1971ஆம் ஆண்டுப் போரை நடத்திய அவருக்கு 1973 ஜனவரியில் அது அளிக்கப்பட்டது. அதே மாதத்தில் அவர் படைத்தலைமையை விட்டகன்றார். பீல்ட் மார்ஷலுக்கு ஓய்வு இல்லை, ஆயுள் முழுவதும் அவர் படையினரே என்பது விதி. ஆயினும் அவருக்குரிய ஊதிய நிலுவை அவர் கைக்கு வந்தது 2007இலேதான். அப்போது வயது தொண்ணூற்றிரண்டைக் கடந்திருந்தது. நீலகிரியிலே குன்னூரில் வாழ்ந்த அவர் அடுத்த ஆண்டு வெலிங்டன் இராணுவ மருத்துவமனையிற் காலமானார். உதகமண்டலத்திலே, பார்சி மக்களின் இடுகாட்டில், அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார்.