பல்லியமும் ஊர்க்குரலும்



தேர்ந்த கருவியாளர்களின் பல்லியக் குழுவும் ஊர்மக்களின் சேர்ந்திசைக் குழுவும் ஒரே மேடையில் செவ்விசை நிகழ்த்துவது மேலைநாடுகளின் நெடுநாள் மரபு. அதில் மொழி பயிற்றுவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. அதனை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வியன்னாவில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனி அரங்கேறியது. அரங்கத்துக் கலைஞர்களோடு, இசையைத் தொழிலாகக் கொள்ளாத இசை அன்பர்களும் அன்று சேர்ந்துகொண்டனர். ஏறத்தாழ 70 நிமிடம் நீளும் அப்படைப்பின் முதல் மூன்று பகுதிகளில் கருவிகள் மட்டுமே ஒலிக்கும். நான்காம் பகுதியில்தான் மனிதக்குரல் எழும். ஷில்லரின் கவிதை வழியே மொழி உள்ளே நுழையும்.

1918ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள், ஜப்பானின் பாண்டோ முகாமில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் இப்படைப்பை நிகழ்த்தினர். பெண்குரல் இல்லாமையால் அப்பகுதிகளை ஆண்குரலுக்கு ஏற்ப மாற்றிப் பாடினர். இன்று ஜப்பானில் டிசம்பர்தோறும் இது பல ஊர்களில் ஒலிக்கின்றது. ஒசாகாவில் 1983 முதல் பதினாயிரம் பேர் கூடிப் பாடும் நிகழ்ச்சி நடந்து வருகின்றது.

ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. ஜெர்மன் சொற்களிலோ மெய்கள் அடுத்தடுத்து நிற்கும். அம்மெய்களைப் பழக்குவதும் அங்குப் பயிற்சியின் ஒரு பகுதி. இசை நீள்வது உயிரெழுத்தின்மீது; சொல் தெளிவது மெய்யெழுத்தினால். மெய்க்கு அரை மாத்திரையே அளவு என்பது தொல்காப்பியம். நூறு பேர் ஓர் ஈற்று மெய்யை நூறு கணங்களில் முடித்தால் சொல் சிதறிவிடும். கருவிகளின் பேரொலிக்கு எதிரே கூவிப் பயனில்லை. அனைவரும் ஒருங்கே மெய்யை ஒலித்தால் சொல் அவையை எட்டும். கருவியாளரும் தம் ஒலியைத் தாழ்த்திச் சொல்லுக்கு வழிவிடுதல் வேண்டும்.

நம் வகுப்பறைகளுக்கு வருவோம். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலர். அவர்கள் தமிழை வாய்விட்டுச் சொல்லும் இடம் பெரும்பாலும் பள்ளியே. அங்கும் நாவன்மை மிக்க இருவர் மூவரை மேடையேற்றி, ஏனையோரைக் கைதட்ட வைக்கின்றோம். அப்பிள்ளைகளுக்குத் தமிழ் பிறர் பேசக் கேட்கும் மொழியாக நின்றுவிடுகின்றது.

வகுப்பு முழுவதும் ஒரு செய்யுளைச் சேர்ந்து சொல்லட்டும். ‘பல்’, ‘பள்’ என்னும் ஈறுகளும், ‘வாழ்வு’ என்னும் சொல்லின் ழகர மெய்யும் ஒருங்கே ஒலிக்கின்றனவா என்று ஆசிரியர் செவிகொடுக்கட்டும். தனித்துப் பேச நாணும் பிள்ளைக்கு அருகிலிருப்போர் குரல் துணையாகும். கூட்டத்துள் மறைந்து வாயசைப்போரும் இருப்பர். அதனாலேயே சேர்ந்திசைக் குழுவினரைக் குரல்வாரியாகச் சிறு குழுக்களாக்கிப் பயிற்றுவர். நாமும் அவ்வாறே செய்யலாம். நாவன்மை மிக்க மாணவரை அச்சிறு குழுக்களுக்குத் துணைவராக்குவோம். அடுத்த தமிழ் விழாவில் ஒரு வகுப்பேனும் ஒருவர் விடாது மேடையேறட்டும்.